நான் டிரம்முக்கு எதிராகப் பேசினேன்

போன மாதம் வீடு மாறினோம். நியூ ஜெர்சி எடிசனிலேயே நாலு தெரு தள்ளி. பேஸ்மென்ட்டில் பிரிக்காமலே கிடந்த ஒரு அட்டைப்பெட்டியை என் மகள் பிரித்தாள். உள்ளே அவள் பிறந்த வருஷத்துச் சாமான்கள்: கிலுகிலுப்பை, ஆஸ்பத்திரியில் கையில் கட்டிவிட்ட பட்டை, அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த வசம்பு வளையல். கூடவே அட்டை கிழிந்த ஒரு புத்தகம். கைக்குழந்தையைத் தூங்கவைப்பது எப்படி என்று 300 பக்கத்துக்கு யாரோ எழுதியது. பக்கங்களின் ஓரத்தில், புத்தகத்தை மூடினால் தெரிகிற மாதிரி, கறுப்பு மார்க்கரில் ஓ, டபிள்யூ, எஸ், எல் என்று நாலு எழுத்து.

"லைப்ரரி புக்காம்மா இது? ஃபைன் எவ்ளோ ஆகியிருக்கும்?" என்றாள். அவளுக்கு இப்போது 14 வயது.

அந்த நாலு எழுத்து, ஆக்குபை வால் ஸ்ட்ரீட் லைப்ரரி. பெரிய பேங்குகளுக்கும் பணக்காரர்களுக்கும் எதிராக, 2011ல் நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட் பக்கத்துப் பூங்கா ஒன்றில் கூடாரம் போட்டு உட்கார்ந்தவர்கள் நடத்திய நூலகம். அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். ரெண்டு நிமிஷத்தில் ஃபோனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

2011ல் நாங்கள் மன்ஹாட்டனின் தெற்கு முனையில், டிரினிட்டி பிளேஸுக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். ஒன்பதாவது மாடி. வால் ஸ்ட்ரீட் பக்கம் வீடு என்று சொன்னால் ஊரில் சித்தப்பா, பெரியப்பா எல்லாம் கண்ணை விரிப்பார்கள். உள்ளே வந்து பார்த்திருந்தால் தெரியும். ரங்கமணி, அதாவது என் வீட்டுக்காரர், ஒரு பெரிய பேங்கில் கான்ட்ராக்டர், புரொடக்‌ஷன் சப்போர்ட். ராத்திரி ரெண்டு மணிக்கு ஏதாவது ஜாப் ஃபெயிலானால் இருபது நிமிஷத்தில் ஆபீஸில் நிற்க வேண்டும், அதனால்தான் அங்கே வீடு. வாடகை 2,900 டாலர். ஹாலை நடுவில் ஒரு தற்காலிகச் சுவர் வைத்துத் தடுத்து, அந்தப் பக்கத்தை விஜயவாடாப் பையன் ஒருவனுக்கு 1,150க்கு விட்டிருந்தோம். அவன் இருமினால் எங்களுக்குக் கேட்கும். எங்கள் குழந்தை அழுதால் அவன் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்வான். நான் எச்-4, வேலை விசாக்காரரின் மனைவிக்குக் கொடுக்கும் விசா. எம்.எஸ்ஸி. கணிதம் படித்துவிட்டு, வேலைக்குப் போகச் சட்டப்படி அனுமதியில்லாமல் வீட்டில் இருந்தேன். எங்களைப் போன்ற மனைவிமார்கள் வேலை பார்க்கலாம் என்று விதி வந்தது 2015 மே மாதத்தில்தான்.

பிரசவத்துக்கு அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தார். மே கடைசியில் வந்தவர் நவம்பர் கடைசிக்குள் திரும்ப வேண்டும். வந்த நேரம் அப்படி: ஆகஸ்ட் 23ல் நிலநடுக்கம், அந்த வாரக் கடைசியிலேயே ஐரீன் புயல், செப்டம்பரில் இரட்டைக் கோபுரம் விழுந்து பத்தாவது வருஷ நினைவு நாள் என்று தெருவெல்லாம் இரும்புத் தடுப்பு. அந்தத் தடுப்பை எடுத்தார்கள் என்று மூச்சுவிடுவதற்குள் மறுபடி கொண்டுவந்து போட்டார்கள். செப்டம்பர் 17, சனிக்கிழமை.

முதல் நாள் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வால் ஸ்ட்ரீட்டில் உட்காரப் போனவர்களைப் போலீஸ் விடவில்லை, ரெண்டு எட்டு தள்ளி ஜுக்காட்டி பூங்காவில் உட்கார்ந்துவிட்டார்கள். பூங்கா என்றால் புல்வெளியெல்லாம் கிடையாது. கருங்கல் பாவிய ஒரு சதுக்கம், கொஞ்சம் மரம், தரையில் பதித்த விளக்குகள், ஒரு மூலையில் 70 அடி உயரத்துக்குச் சிவப்பு இரும்புச் சிற்பம். மொத்தமே 33,000 சதுர அடி, நம்ம ஊர்க் கணக்கில் முக்கால் ஏக்கர். ஆனால் அதில் ஒரு விசேஷம் உண்டு. அது மாநகராட்சிப் பூங்கா இல்லை, தனியாருக்குச் சொந்தம். 1960களில், பக்கத்துக் கட்டடத்தை விதிக்கு மேல் உயர்த்திக் கட்டிக்கொள்ள அனுமதி வாங்கியதற்கு ஈடாக, பொதுஜனத்துக்கு 24 மணி நேரமும் திறந்துவைப்பதாக ஒத்துக்கொண்ட இடம். மாநகராட்சிப் பூங்காவாக இருந்திருந்தால் ராத்திரி பூட்டும் நேரம் என்று சொல்லிப் போலீஸ் அன்றைக்கே கிளப்பியிருக்கும். இதை அப்படிச் செய்ய முடியவில்லை. வானளாவக் கட்டுவதற்குக் கொடுத்த விலையே, கட்டியவர்களுக்கு எதிராக உட்காரும் இடமாகிவிட்டது. எச்-4ல் வீட்டில் சும்மா இருப்பவளுக்கு இந்த மாதிரி விஷயங்களைப் படிக்க நிறைய நேரம் இருக்கும்.

ஊருக்குப் போன் போட்டபோது அப்பா கேட்டார், "என்னத்தா, அங்க ஏதோ ஆக்கிரமிப்பாமே?"

அந்த வார்த்தையைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆக்குபை என்பதைத் தமிழில் அப்படித்தான் சொல்ல வரும். ஆனால் மதுரையில் ஆக்கிரமிப்பு என்றால் பிளாட்பாரத்தில் ரெண்டடி நீட்டிப் போட்ட பழக்கடை. அதற்கு அடுத்த வார்த்தை எப்போதும் "அகற்றம்"தான்.

அப்பா மில் தொழிலாளி, சங்கத்தில் இருந்தவர். நான் நாலாவது படிக்கும்போது மில்லைப் பூட்டிவிட்டார்கள். கேட்டுக்கு முன்னால் கீற்றுக் கொட்டகை போட்டு ஏழு மாசம் உட்கார்ந்தார்கள். அந்த ஏழு மாசத்தில் அம்மாவின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் மிஞ்சியது. அதனால் அப்பாவின் கேள்விகள் எல்லாம் தொழில்முறைக் கேள்விகள்.

"கோரிக்கை என்ன?"

"கோரிக்கைன்னு தனியா ஒண்ணும் இல்லப்பா."

"தலைவர் யாரு?"

"தலைவரே கிடையாதாம்."

"அப்ப பேச்சுவார்த்தைக்கு யாரைக் கூப்பிடுவான்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. "அப்ப அது திருவிழாத்தா, போராட்டம் இல்ல" என்று சொல்லி, பேத்தி பால் குடிக்கிறாளா என்று கேட்கப் போய்விட்டார்.

திருவிழா என்பது ஒரு விஷயத்தில் சரி. கொட்டு இருந்தது.

டிரம் அடிப்பவர்கள் பூங்காவின் மேற்கு ஓரத்தில், டிரினிட்டி பிளேஸ் பக்கம், அதாவது எங்கள் ஜன்னல் பக்கம். கையால் அடிக்கும் காங்கா, ஜெம்பே கொட்டுகள், பெயின்ட் வாளி, சப்பையான எண்ணெய் டின், ஒருவன் குக்கர் மூடி. காலை பத்து மணிக்கு ஆரம்பித்தால் ராத்திரி பத்து மணி வரைக்கும் போகும். அந்தத் தெருக்கள் குறுகல், ரெண்டு பக்கமும் முப்பது நாற்பது மாடி. கீழே அடிக்கிற அடி சுவரில் பட்டுப் பட்டு மேலே ஏறி வரும். ஒன்பதாவது மாடியில் கேட்கும்போது அதற்குத் தாளம் போய்விடும், அதிர்வு மட்டும் மிஞ்சும். அடுப்படி அலமாரியில் தம்ளர் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே இருக்கும்.

அம்மாவுக்குச் சத்தம் பிரச்சினை இல்லை. "நம்மூருப் பறையில அடிக்கு ஒரு கணக்கு இருக்கும்டி. சாவுன்னா ஒண்ணு, சாமின்னா ஒண்ணு. எதுக்கு அடிக்கிறான்னு தெருமுனையிலயே தெரிஞ்சிரும். இவனுக என்னத்துக்கு அடிக்கிறானுகன்னே தெரியலையே." அப்பா கேட்ட கோரிக்கைக் கேள்விதான் இதுவும் என்று இப்போது தோன்றுகிறது.

மகளுக்கு மூன்று மாசம். பகலில் இருபது நிமிஷத்துக்கு மேல் தூங்க மாட்டாள். தூங்காத குழந்தை ராத்திரியும் தூங்காது என்பது பெற்றவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ராத்திரி வேலை பார்த்துவிட்டு வரும் ரங்கமணியும் பகலில்தான் தூங்க வேண்டும். மூணு வாரத்தில் வீட்டில் எல்லோரும் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தோம். ஒரு நாள் ரசத்தில் உப்பு இல்லை என்று ஆரம்பித்த சண்டை, நான் ஏன் அமெரிக்கா வந்தேன் என்கிற இடம்வரை போனது.

சாயங்காலம் அம்மாவும் நானும் ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு பூங்காவைச் சுற்றி வருவோம். புடவை, அதற்கு மேல் மருமகனின் ஸ்வெட்டர், சாக்ஸ் போட்ட காலில் செருப்பு. ஆளாளுக்கு அம்மாவைப் படம் எடுத்தார்கள். அம்மா அதைக் கண்டுகொள்ளாமல் நேராகப் போய் நின்றது அடுப்படிக்கு முன்னால். நெருப்பு மூட்ட அனுமதி இல்லாததால் அங்கே சமையல் இல்லை, பரிமாறுவது மட்டும். வேறு எங்கோ சமைத்துக் கொண்டுவருவார்கள், யார் யாரோ எங்கிருந்தோ பீட்ஸாவுக்கு போனில் பணம் கட்டி அனுப்பிவைப்பார்கள். வரிசையில் யார் நின்றாலும் தட்டு நீட்டினார்கள். படிக்க வந்த பிள்ளைகள், வேலை போனவர்கள், எப்போதுமே தெருவில் படுப்பவர்கள். அம்மா கால் மணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கடைசி ஆளு வரைக்கும் சோறு வருது. அப்ப தாங்குவாங்க" என்றார். பிறகு, "எங்க கொட்டகையில அஞ்சாவது மாசம் கஞ்சி நின்னுச்சு. அன்னைக்கே தெரிஞ்சு போச்சு" என்றார். கோரிக்கை, தலைவர் என்று அப்பா பேசியதை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். கஞ்சி நின்ற நாளை அப்பா ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

"நாங்கள் 99 சதவீதம்" என்பதுதான் அவர்களுடைய கோஷம். பணமெல்லாம் மேலே இருக்கிற ஒரு சதவீதத்தாரிடம், மீதிப் பேர் நாங்கள் என்று அர்த்தம். ஒரு ராத்திரி, மகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, நாங்கள் எதில் வருவோம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேல் ஒரு சதவீதத்துக்குள் போக அப்போது குடும்ப வருமானம் ஏறத்தாழ 3,50,000 டாலர் வேண்டும். நாங்கள் கிட்டத்தில்கூட இல்லை. ரங்கமணியின் பேங்க் அந்த வருஷம் கான்ட்ராக்டர்களின் மணிக் கணக்கில் பத்து சதவீதத்தைக் குறைத்திருந்தது. டிசம்பரில் ரெண்டு வாரம் சம்பளமில்லாக் கட்டாய விடுப்பு வேறு. அதே தளத்தில் உட்கார்ந்திருக்கும் நிரந்தர ஆட்களுக்கு போனஸ் பேச்சு நடந்துகொண்டிருந்தது. 2008ல் லேமன் பிரதர்ஸ் பேங்க் விழுந்தபோது பேங்குகளைத் தூக்கி நிறுத்த அமெரிக்க அரசு ஒதுக்கிய தொகை 70,000 கோடி டாலர். அதில் நின்றவைதான் இதெல்லாம்.

அந்த அக்டோபரிலேயே அமெரிக்க நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. 1979லிருந்து 2007 வரை, வரி போக, மேல் ஒரு சதவீதத்தாரின் வருமானம் 275 சதவீதம் ஏறியிருக்கிறது. அடிமட்ட ஐந்தில் ஒரு பங்கினருக்கு ஏறியது 18 சதவீதம். 28 வருஷத்துக்குப் பதினெட்டு! ரங்கமணியிடம் படித்துக் காட்டினேன். "அதெல்லாம் சரி, நீ அந்தப் பக்கம் ரொம்பப் போகாத. கையில விலங்கு மாட்டிட்டா விசா ஸ்டாம்பிங்ல கேப்பான்" என்றார். அவர் சொன்னது தப்பில்லை. அக்டோபர் 1ம் தேதி புரூக்ளின் பாலத்தில் ஒரே நாளில் 700 பேருக்கு மேல் பிடித்தார்கள். பாலத்தில் வண்டி போகும் பாதையில் நடந்தது குற்றம்.

ரங்கமணியின் ஆபீஸில் எல்லோரையும் அடையாள அட்டையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு நடக்கச் சொன்னார்களாம். டை வேண்டாமாம். வால் ஸ்ட்ரீட்காரர்கள் 99 மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு 99ஐத் தாண்டிப் போனார்கள். எங்கள் வீட்டுக்காரருக்கு அந்த வேஷமே தேவைப்படவில்லை.

எங்கள் கட்டடத்து டோர்மேன் அக்டோபர் 5ல் லீவு போட்டார். அன்றைக்குத் தொழிற்சங்கங்கள் ஃபோலி ஸ்கொயரிலிருந்து ஊர்வலம். மறுநாள் அதே கோட்டு, அதே தொப்பி, கதவைத் திறந்துவிட்டார். தொண்டை கட்டியிருந்தது. டிரம் பற்றி நான் புலம்பியதைக் கேட்டு, "அவங்ககிட்டயே சொல்லுங்க. தினம் ஏழு மணிக்குக் கூட்டம். யார் வேணா பேசலாம்" என்றார்.

யார் வேண்டுமானாலும் என்றால் நானுமா?

ரங்கமணி ஷிஃப்ட்டில் இருந்த நாளாகப் பார்த்து, மகளை முன்பக்கம் கட்டிக்கொண்டு போனேன். அம்மா பின்னாலேயே வந்தார். பிராட்வே பக்கப் படிக்கட்டில் கூட்டம், முன்னூறு பேர் இருக்கும். பேச விரும்புகிறவர்களின் பெயரை ஒரு பெண் எழுதிக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு முறை உண்டு: எப்போதும் பேசி பழகியவர்களைப் பின்னால் தள்ளி, பேச வாய்ப்புக் கிடைக்காதவர்களை வரிசையில் முன்னால் விடுவார்கள். என்னைப் பார்த்தாள், நெஞ்சில் தொங்கும் குழந்தையைப் பார்த்தாள், பின்னால் புடவையில் நிற்கும் அம்மாவைப் பார்த்தாள், மூன்றாவது இடத்தில் பெயரை எழுதினாள். அமெரிக்காவில் எனக்குக் கிடைத்த முதல் இட ஒதுக்கீடு.

ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை. அதனால் ஒருவர் நாலு வார்த்தை சொன்னால், கேட்டவர்கள் எல்லோரும் அதை அப்படியே உரக்கத் திருப்பிச் சொல்வார்கள். பின்னால் இருப்பவர்கள் அதைக் கேட்டு இன்னொரு தடவை சொல்வார்கள். வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் வாங்கிச் சொல்வார் இல்லையா, அதில் முன்னூறு பின்பாட்டுக்காரர்களை நினைத்துக்கொள்ளுங்கள். "மைக் செக்!" என்று ஒருவன் கத்த, "மைக் செக்!" என்று எல்லோரும் கத்த, என் பக்கம் கையைக் காட்டினார்கள்.

என் இங்கிலீஷ் படித்த இங்கிலீஷ். நீள வாக்கியத்தில் பாதியில் வினைச்சொல் காணாமல் போய்விடும். கடையில், ஆஸ்பத்திரியில் "வாட்?" என்று கேட்டாலே அடுத்த வார்த்தை தொண்டையில் நிற்கும். இங்கே நாலு வார்த்தைக்கு மேல் பேசவே கூடாது, பேசினால் திருப்பிச் சொல்ல முடியாமல் திணறுவார்கள். எனக்கென்றே செய்த ஏற்பாடு.

"நான் அங்கே குடியிருக்கிறேன்" என்று கையைக் காட்டினேன்.

"நான் அங்கே குடியிருக்கிறேன்!" முன்னூறு பேர்.

"ஒன்பதாவது மாடி."

"ஒன்பதாவது மாடி!"

"நான் ஒரு சதவீதம் இல்லை." அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுக் கைதட்டினார்கள். அங்கேயே நிறுத்தியிருந்தால் நல்ல பெயரோடு இறங்கியிருக்கலாம்.

"மை டாட்டர்."

"மை டாட்டர்!"

"ஈஸ் நாட் ஸ்லீப்பிங்."

"ஈஸ் நாட் ஸ்லீப்பிங்!" அதற்குப் பின்னாலிருந்து, ஒரு நொடி தாமதித்து, இன்னொரு அலை: மை டாட்டர் ஈஸ் நாட் ஸ்லீப்பிங். தாடிக்காரன், மூக்கில் வளையம் போட்ட பெண், ராணுவச் சட்டை போட்ட கிழவர், தலையில் பாத்திரம் கவிழ்த்த ஒருவன், எல்லோரும் என் பெண்ணை மகள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேற்கே டிரம் அடித்துக்கொண்டேதான் இருந்தது. அவள் என் நெஞ்சில் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள், வழக்கம்போல.

டிரம்மைக் குறைக்க வேண்டும் என்று கேட்டேன். கைகளை மேலே தூக்கி விரல்களை ஆட்டினார்கள். சம்மதம் என்று அர்த்தம். சிலர் கீழ்நோக்கி ஆட்டினார்கள். டிரம் பக்கமிருந்து வந்த ஒருவன், இந்தப் போராட்டத்தின் இதயத் துடிப்பே டிரம்தான், இதயத்தை ரெண்டு மணி நேரம் மட்டும் துடிக்கச் சொல்வீர்களா என்று கேட்டான். அதையும் முன்னூறு பேரும் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது, எதிர்த்தவர்கள் உள்பட. அந்த முறையின் அழகும் கஷ்டமும் அதுதான். உனக்குப் பிடிக்காததையும் உன் வாயாலேயே சொல்ல வேண்டும்.

கீழே இறங்கியதும் நூலகத்திலிருந்து ஒரு பெண் ஓடிவந்து இந்தப் புத்தகத்தைக் கையில் திணித்தாள். நூலகம் என்றால் பிளாஸ்டிக் பெட்டிகளில் வரிசையாக அடுக்கிய புத்தகங்கள். கடைசியில் அது 5,000 புத்தகத்தைத் தாண்டியது. எப்போது திருப்பித் தர வேண்டும் என்று கேட்டேன். "நீங்க தூங்கினதுக்கு அப்புறம்" என்றாள்.

ஒன்றும் உடனே மாறவில்லை. டிரம் பகலில் ரெண்டு மணி நேரம்தான் என்று அவர்களே எழுதி ஒட்டினார்கள், டிரம்காரர்கள் கேட்கவில்லை. எங்கள் பகுதியின் கம்யூனிட்டி போர்டு, அதாவது மாநகராட்சிக்கு ஆலோசனை சொல்லும் வட்டாரக் குழு, அதன் கூட்டத்துக்கும் போனேன். அங்கே மைக் இருந்தது, நாற்காலி இருந்தது, ஆளுக்கு ரெண்டு நிமிஷம் என்று கடிகாரம் இருந்தது. வாசற்படியில் மூத்திரம் போகிறார்கள் என்றார் ஒருவர். அது உண்மை, பூங்காவில் கழிப்பறையே இல்லை. தடுப்புகளால் ஸ்ட்ரோலரையும் சக்கர நாற்காலியையும் தூக்கித் தாண்ட வேண்டியிருக்கிறது என்றார் இன்னொருவர். அதுவும் உண்மை, ஆனால் தடுப்பைப் போட்டது போலீஸ். வால் ஸ்ட்ரீட்டில் ஒரு சாப்பாட்டுக் கடை, தடுப்பால் வியாபாரம் படுத்துவிட்டது என்று 21 பேரை வேலையிலிருந்து நிறுத்தியது. அந்த 21 பேரும் எந்த சதவீதம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போர்டு நியாயமாகவே நடந்துகொண்டது. உட்காரும் உரிமையை ஆதரிக்கிறோம், வன்முறை கூடாது, டிரம்மை ரெண்டு மணி நேரத்தோடு நிறுத்துங்கள் என்று தீர்மானம் போட்டார்கள்.

ஆனால் மறு வாரம் ஒரு பத்திரிகையில், குடியிருப்பவர்களின் பொறுமை எல்லை மீறிவிட்டது என்று வந்ததைப் பார்த்தபோது சங்கடமாக இருந்தது. அந்தக் குடியிருப்பவர்களில் நானும் ஒருத்தி. தூங்க வேண்டும் என்றுதான் சொன்னேன், துரத்த வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த ரெண்டையும் தனித்தனியாக எழுத யாருக்கும் பொறுமை இல்லை.

அக்டோபர் 28ல் தீயணைப்புத் துறை வந்து ஜெனரேட்டர்களை எடுத்துப் போனது, ஆபத்து என்று. மறுநாளே பனி கொட்டியது. அக்டோபரில் அப்படிக் கொட்டி நான் பார்த்ததில்லை. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு அம்மா கீழே பார்த்தார். நீலத் தார்ப்பாய்கள் கனம் தாங்காமல் தொய்ந்து கிடந்தன. டிரம் இல்லை, அன்றைக்கு ஒரு தட்டுகூட இல்லை. மகள் மூன்று மணி நேரம் தூங்கினாள்.

அம்மா உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தார். பேத்திக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்த சென்னிமலைப் போர்வை, இரட்டைப் படுக்கை அளவு, மெரூன் கட்டம், இன்னும் மடிப்புக் கலையாதது. "குடுத்துட்டு வா" என்றார்.

"நான் அவங்களுக்கு எதிராப் பேசினவம்மா."

"சத்தம் போடாதன்னு சொன்ன. சரியாத்தான் சொன்ன. குளுருதுல்ல, அது வேற."

கம்பளி, சாக்ஸ் வாங்குகிற கூடாரத்தில் கொடுத்தேன். வாங்கியவன் முகர்ந்து பார்த்தான். நாப்தலீன் உருண்டை வாசனை. சிரித்தான். அடுத்த வாரம் சாயங்கால நடையில் அம்மாவே கண்டுபிடித்தார். சிவப்புச் சிற்பத்துக்குப் பக்கத்தில் ஒரு கூடாரத்துக்குள் ரெண்டு பிள்ளைகள் அதைச் சுற்றிக்கொண்டு சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கிட்டப் போகவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. "தலைப்புல குஞ்சத்தை இப்பவே பிச்சுட்டானுக" என்றார் வீட்டுக்கு வந்து.

நவம்பர் 15, செவ்வாய்க்கிழமை, ராத்திரி ஒரு மணி. மகளுக்குப் பால் கொடுக்க எழுந்தேன். ஜன்னல் பகல் மாதிரி வெளுத்திருந்தது. பூங்கா முழுக்கப் பெரிய விளக்குகளைப் போட்டு, ஒலிபெருக்கியில் கலையச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். போலீஸுக்கு ஒலிபெருக்கி அனுமதி உண்டு. மேலே ஹெலிகாப்டர். தெருக்களை அடைத்து, பத்திரிகைக்காரர்களைக்கூடப் பக்கத்தில் விடவில்லை. குப்பை லாரிகள் வரிசையாக நின்றன. கூடாரம், புத்தகம், பாத்திரம் எல்லாவற்றையும் அள்ளி உள்ளே போட்டார்கள். சுமார் 200 பேர் கைது. ரங்கமணி லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ கால் பேசிக்கொண்டிருந்தவர், மியூட் செய்துவிட்டு எங்களோடு வந்து நின்றார். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து விஜயவாடாப் பையனும் வந்தான்.

காலையில் அப்பாவுக்குப் போன் போட்டேன். "எத்தனை மணிக்கு வந்தாங்க?" என்றார்.

"ஒரு மணிக்குப்பா."

"எங்களுக்கும் ஒரு மணிதான்" என்றார்.

அன்று சாயங்காலம் நீதிபதி, உட்காரலாம், கூடாரமோ படுக்கையோ கூடாது என்று தீர்ப்புச் சொல்ல, பூங்காவைத் திறந்தார்கள். கழுவிவிட்ட கருங்கல், பச்சைச் சட்டை போட்ட காவலாளிகள், தரை விளக்குகள் மறுபடி எரிந்தன. அள்ளிய சாமான்கள் மேற்கு 57வது தெருவில் துப்புரவுத் துறையின் கராஜில் இருக்கின்றன, அடையாளம் காட்டி வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். அம்மா ஒரே பிடி: போய்ப் போர்வையைக் கேட்டு வா. எனக்கு அடையாளம் என்று இருந்தது பாஸ்போர்ட் ஒன்றுதான். அதைக் கொண்டுபோய்ப் போலீஸிடம் நீட்டுவதா என்று ரங்கமணி மறித்தார். அது நம்முடையதும் இல்லையே, கொடுத்துவிட்டோமே என்று நானும் ஒரு காரணம் சொன்னேன். அடுத்த வாரம் அம்மா விமானம் ஏறிவிட்டார்.

நூலகத்துப் புத்தகங்களில் பெரும்பாலானவை சிதைந்தோ காணாமலோ போயிருந்தன. அவர்கள் வழக்குப் போட்டார்கள். 2013ல் நியூயார்க் நகரம் புத்தகங்களுக்காக 47,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அந்தக் கணக்கில் என்னிடம் இருக்கிற இந்த ஒன்றும் காணாமல் போனதாகச் சேர்ந்திருக்குமோ என்னவோ. 112ம் பக்கம்வரை படித்திருக்கிறேன். அங்கே ஒரு மடிப்பு இருக்கிறது.

நேற்று வீடியோ காலில் புத்தகத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். யார் கொடுத்தது என்று ஞாபகம் இருந்தது, ஓடிவந்த பெண்ணின் சடைகூட ஞாபகம் இருந்தது.

"அவங்க பொஸ்தகம் உங்கிட்ட இருக்கு" என்றார். "அந்தப் போர்வைய நீ போய்க் கேட்டிருக்கலாம்."